பெட்டி மேல் வைத்த கை

கம்பெனியிலிருந்து போன் வந்தது. பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடுகிறார்களாம். முதலுதவி அறையில் இருபத்தொரு வருஷம் இருந்தவன் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள்.

"சாலமன் அண்ணனைக் காப்பாத்துனீங்களே, அத எழுதுங்கண்ணா. ரெண்டு பக்கம் போதும்" என்றாள் இப்போது அங்கே இருக்கும் நர்ஸ் பெண்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ரிஜிஸ்டரில் ரெண்டு நம்பர், ஒரு சொல். அதுதான் நான் எழுதியது எல்லாம். இருந்தாலும் எழுதுகிறேன். அவர்கள் கேட்டதை இல்லை. சாலமனை நான் காப்பாற்றினேன் என்று எல்லாருக்கும் தெரியும். அதே நாள் காலையில் அவனுக்கு நான் என்ன செய்தேன் என்பது தெரியாது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எட்டாவது வரை படித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷம் கட்டுப் போட்டேன், ஊசி கொதிக்க வைத்தேன், சீட்டுக் கொடுத்தேன். பிறகு முதலுதவிப் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்கினேன். ஒரகடத்தில் இந்தக் கம்பெனி வந்தபோது வேலைக்கு எடுத்தார்கள். காருக்குத் தகடு அழுத்தும் கம்பெனி. நான் கம்பவுண்டர் இல்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் எல்லாருக்கும் நான் கம்பவுண்டர்தான்.

விரல் நசுங்கியது, கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது, வெயில் மயக்கம். இவையெல்லாம் தினம் வரும். இது தவிர, கிரேன் ஓட்டுகிறவர்களுக்கும் உயரத்தில் ஏறுகிறவர்களுக்கும் திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்கு முன்னால் பிரஷர் பார்க்க வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால் அன்றைக்கு ஏறக்கூடாது. நூற்று அறுபதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். கம்பெனி விதி.

டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் வருவார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். ஒரு கேள்வி கேட்பார். பிறகு காத்திருப்பார். எதிரில் இருப்பவன் சுவரைப் பார்ப்பான், காலைப் பார்ப்பான். அவர் காத்திருப்பார். கடைசியில் அவன் பேசிவிடுவான். அந்தக் காத்திருப்பு எனக்குத் தாங்காது. ஏதாவது சாக்கு வைத்து வெளியே போய்விடுவேன்.

பிரஷர் பார்க்க எனக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். கால் ரெண்டும் தரையில் பதிய வேண்டும். ஐந்து நிமிஷம் பேசக்கூடாது. கை மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும்.

"கை மேல போனா நம்பர் குறையும். கீழ தொங்கினா ஏறும். மெஷின் தானா பொய் சொல்லாது தேவராஜ். நாமதான் சொல்ல வைப்போம்" என்றார்.

ரிஜிஸ்டரில் அவரே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தார். தலைப்பு, 'எப்படி வந்தார்'. கோபமாகவா, பதட்டமாகவா, அழுதபடியா, சாந்தமாகவா. ஒரு சொல் எழுதினால் போதும்.

"எதுக்கு மேடம்? நம்பர்தான் கீதே?"

"பிரஷர் இருக்கிறவருக்கு மனசுல ஓடுறது எல்லாம் இதயத்துலதான் போய் இடிக்கும். நம்பர் மட்டும் பார்த்தா பாதிதான் தெரியும். மீதி அந்தக் கட்டத்துல இருக்கு."

அந்தக் கட்டத்தில் அதிகம் கோபம் என்று எழுதியது கஜேந்திரனுக்கு. ஷிஃப்ட் இன்சார்ஜ் பாஸ்கருக்குக் கீழே பிரஸ் லைனில் இருந்தான். உள்ளே வரும்போதே சத்தம் வரும்.

"கம்பவுண்டரே, எனக்குப் பிரஷரே கெடயாது. அந்த பாஸ்கருக்குத்தான் கீது. அவன் எறக்கிக்க என் மேல ஏத்துறான்."

"பேசாம உக்காரு."

"இன்னா பேசாம உக்காரு? அவன் பேசலாம், நான் பேசக்கூடாதா? நீயும் அவன் ஆளா?"

நூற்று எண்பது காட்டும். டீ வாங்கிக் கொடுத்து, பாஸ்கரைப் பத்து நிமிஷம் திட்ட விட்டு, மறுபடி பார்த்தால் நூற்று நாற்பது. எனக்கு அவனைக் கண்டால் பயம். அதனாலேயே விடாமல் டாக்டரம்மாவிடம் அனுப்புவேன். உப்பைக் குறை, ஊறுகாயை விடு என்று அவன் பெண்சாதிக்குப் போன் பண்ணிச் சொல்வேன். மாத்திரை போட்டானா என்று கேட்பேன். அவன் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். சத்தம் போட்டதால் அவன் மேல் எங்கள் கண் இருந்தது.

சாலமனுக்கு அந்தக் கட்டத்தில் நான் எப்போதும் எழுதியது, சாந்தம்.

வல்லம் பக்கத்துக்காரன். கிரேன் ஆபரேட்டர். மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன் அது. இப்போது கீழேயிருந்தே ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். தகடு அழுத்தும் பிரஸ்ஸில் அச்சு மாற்றும்போது பழைய அச்சைத் தூக்கி வைத்துப் புது அச்சை இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம். அது முடிகிற வரை லைன் நிற்கும். லைன் நின்றால் பாஸ்கர் வாக்கி டாக்கியில் கத்துவார். "டேய் சாலமா, தூங்குறியா? இன்னா ஆட்டிக்கினு கீற?" சாலமனால் பதில் சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கிப் பேச ஒரு கை வேண்டும். அவனுக்கு ரெண்டு கையும் லீவரில். எட்டு மணி நேரம் காதில் விழும். வாய் திறக்காமல் இறங்கி வருவான். "போயிட்டு வரேண்ணா" என்பான்.

எனக்கு அவனைப் பிடிக்கும். நானும் அதிகம் பேசாதவன். ஆம்பிளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கஜேந்திரனிடமே சொல்லியிருக்கிறேன்.

"சாலமனைப் பாரு. எவ்ளோ திட்டு வாங்குறான். மூஞ்சில ஒன்னு தெரியுதா?"

"அதான்யா எனக்கு பயமாகீது" என்றான் கஜேந்திரன். நான் சிரித்தேன்.

நம்பர் மட்டும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறியது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவன் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாத் தடவையும் சாந்தம்னு எழுதியிருக்கீங்க. நம்பர் சாந்தமா இல்லையே."

"அவன் குணமே அப்படித்தான் மேடம். கோவமே வராது."

"வராதா, காட்ட மாட்டாரா?"

அவரே மேலே சொன்னார்.

"கத்துறவருக்கும் ஆபத்து இருக்கு. ஒவ்வொரு கோபத்துக்கும் இதயம் அடி வாங்குது. ஆனா அவர் நெஞ்சு வலிச்சா அதையும் கத்திச் சொல்லிடுவார். இவர் சொல்வாரா? நான் கேட்டா டாக்டர்னு பயப்படுறார். உங்களுக்குப் பழக்கம்தானே, உக்கார வச்சுப் பேசுங்க. வேலையில என்ன, வீட்டுல என்ன, கேளுங்க. அவசரப்படாதீங்க."

மறுநாள் கேன்டீன் வாசலில் அவனைப் பார்த்தேன்.

"இன்னாப்பா, எல்லாம் நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான்ணா கீது."

அவ்வளவுதான் பேசியது. செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டரில் 'விசாரித்தேன், ஒன்றும் இல்லை' என்று எழுதினேன்.

இனி பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குளுக்கோஸ் பவுடர் வரும் அட்டைப்பெட்டி ஒன்று மேசை ஓரத்தில் இருக்கும். ஒருநாள் ஒருத்தன் கையை மேசையில் வைக்காமல் அதன் மேல் வைத்துவிட்டான். கை தோளுக்கு மேலே போய்விட்டது. நம்பர் குறைந்து காட்டியது. டாக்டரம்மா சொன்னது சரிதான் என்று அப்போது சிரித்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு திங்கட்கிழமை ஒரு பெயிண்டருக்கு நூற்றைம்பத்தி நாலு. படி ஏறி வந்தேண்ணா, மூச்சு வாங்குதுண்ணா என்று கெஞ்சினான். பெட்டி மேல் வைக்கச் சொன்னேன். நூற்று நாற்பத்தி ரெண்டு. அவன் போய்ச் சொன்னான். அப்புறம் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். "கம்பவுண்டரே, ஒரு பொட்டி போடேன்." நாலு நம்பர், ஐந்து நம்பர் கூட இருப்பவர்களுக்குப் போட்டேன். அதற்கு மேல் போட்டதில்லை. பயத்தில் ஏறுகிறதுதானே, இதில் என்ன என்று நினைத்தேன். சூப்பர்வைசர்களுக்கும் தெரியும். வேலை நடக்கிறது என்று சும்மா இருந்தார்கள்.

சாலமன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பஸ் வந்ததும் முதலில் அவன்தான் வந்தான். மற்ற நாள் கடைசியில் வருவான். உட்கார்ந்தான். கையை மேசையில் வைத்தான். ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். நூற்று எழுபத்தி ஆறு.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேண்ணா."

"தூங்குனியா?"

"கொஞ்சம் தூங்கினேன்."

ஏதோ சொல்ல வருகிற மாதிரி என்னைப் பார்த்தான். அப்போது போன் அடித்தது. பாஸ்கர்.

"அண்ணா, சாலமன் அங்க கீறானா? இன்னும் எவ்ளோ நேரம்? இன்னொரு ஆபரேட்டர் லீவு. கஸ்டமர் ஆடிட் வர்றாங்க, மொத அச்சு ஆறரைக்குள்ள மாத்தணும்."

"கூடக் காட்டுதுப்பா."

"எல்லாருக்கும் பண்ற மாதிரி பண்ணி அனுப்புண்ணா. அவன் ஒன்னும் சொல்ல மாட்டான்."

போனை வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன். நூற்று எழுபத்தி ரெண்டு. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. பண்ணினால் ஏறக்கூடாது என்பார். பாஸ்கர் என்னிடம் வருவார். நான் பேச வேண்டும். எனக்குப் பேச இஷ்டமில்லை.

பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையை நானே எடுத்து வைத்தேன். நூற்று ஐம்பத்தி ஐந்து. பெட்டி மேல் ரிஜிஸ்டரையும் வைத்து அதன் மேல் கையை வைத்தேன். நூற்று நாற்பத்தி எட்டு.

"போயிட்டு வரேண்ணா" என்று எழுந்து போனான்.

148. எப்படி வந்தார்: சாந்தம். என் கையால் எழுதினேன்.

ஒன்பதரை மணிக்கு ஓடி வந்து கூப்பிட்டார்கள். நான் போனபோது கிரேன் ஏணிக்குக் கீழே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை. தூக்கிய அச்சைப் பாதி வழியில் அந்தரத்தில் விடாமல், தரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கி வைத்துவிட்டு, ஏணியில் தானே இறங்கியிருக்கிறான். அவன் இடுப்பில் வாக்கி டாக்கி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "எவன்டா உன்ன எறங்கச் சொன்னது?" நான் குனிந்து அதை அணைத்தேன். அதற்குள் அவன் கண் மேலே போய்விட்டது. மூச்சு இல்லை.

தரையில் கிடத்தினேன். சட்டையைக் கிழித்தேன். நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் வைத்து அமுக்கினேன். முப்பது, ரெண்டு மூச்சு. மறுபடி முப்பது. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. விலா எலும்பு ஒன்று உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. கஜேந்திரன் பக்கத்தில் மண்டி போட்டு அழுதுகொண்டிருந்தான். "டேய் ஊமக் கோட்டான், எழுந்து ஒரு வார்த்த திட்டுடா, திட்டுடா" என்றான்.

பிழைத்தான். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தில் ஒரு பக்கத் தசை செத்துவிட்டது, இனி உயரம் ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்றார்கள்.

விசாரணை வைத்தார்கள். ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். 148, சாந்தம். காலையில் ஆபரேட்டர் நன்றாகத்தான் இருந்தார், முன்னறிகுறி இல்லை என்று எழுதி முடித்தார்கள். பாஸ்கரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நான் எழுதி வைத்திருந்தேன்.

டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை வந்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

"எத்தனை தடவை எடுத்தீங்க?"

"கொஞ்ச நேரம் உக்கார வச்சு மறுபடி எடுத்தேன் மேடம்."

"உக்காந்தபடிதானே?"

"ஆமா மேடம்."

காத்திருந்தார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் யாருக்கும் அவர் காத்திருந்ததில்லை. மேசை ஓரத்தில் பெட்டி இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழுந்து அந்தப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். கை எங்கே இருந்தது என்று கேட்கவே இல்லை.

பிறகு நான் யாருக்கும் பெட்டி போடவில்லை. அதைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

அந்த வருஷப் பாதுகாப்பு வார விழாவில் எனக்கு ஷீல்டு கொடுத்தார்கள். 'உயிர் காத்தவர்'. சாலமனையே மேடைக்கு வரவைத்து எனக்குச் சால்வை போடச் சொன்னார்கள். போட்டான். கை தட்டினார்கள். சாலமன் பெண்சாதி ஸ்டெல்லா முன்வரிசையில் அழுதாள். ஷீல்டை வீட்டில் பீரோவுக்கு மேலே, பின்பக்கம் தெரியும்படி வைத்தேன். என் வீட்டுக்காரி திருப்பி வைப்பாள். நான் மறுபடி திருப்பி வைப்பேன். ஏன் என்று கேட்டாள். தூசி என்றேன்.

சாலமன் கொஞ்ச நாள் பேக்கிங்கில் இருந்துவிட்டு நின்றுவிட்டான். வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் படப்பையில் என் வீட்டுக்குக் கேக் வரும். ஐந்து கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நான் அதைத் தொட்டதில்லை. தொடவில்லை என்று சொல்லவும் இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவன் காதில் போட வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிறு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பையில் பிரஷர் மெஷின் இருந்தது. எங்கே போனாலும் எடுத்துப் போவது பழக்கம்.

ஸ்டெல்லா சர்க்கரை இல்லாத டீ கொடுத்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒரு அம்மாவிடம், "இந்த அண்ணாதான் எங்க வூட்டுக்காரருக்கு உசுரு குடுத்தவரு" என்றாள். அந்த அம்மா போகும் வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று எழுபத்தி ஆறு. போன். பெட்டி. நூற்று நாற்பத்தி எட்டு. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள்.

"அஞ்சு வருசமா கேக்கு வாங்கித் துன்னீங்களே. தொண்டையில எறங்குச்சா?"

டீ கிளாஸை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாதி டீ இருந்தது.

சாலமன் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணா" என்றான்.

"இன்னா தெரியும்?"

"பொட்டி. கம்பெனிக்கே தெரியுமே. எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா."

அவன் துடைப்பதை நிறுத்தினான். நான் காத்திருந்தேன். முதல் தடவையாக எழுந்து போகாமல் காத்திருந்தேன்.

"முந்தின நாள் சாயங்காலத்துலேந்தே நெஞ்சு ஒரு மாதிரியா இருந்துச்சுணா. உன்னான்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கி மொத ஆளா வந்தேன். சொல்லலாம்னு வாயெடுக்கறேன், நீ பொட்டிய எடுத்து வெச்ச. சரி, இவுரும் கேக்கற மாதிரி இல்லன்னு ஏறிட்டேன்."

அவன் குரல் ஏறியது. இருபது வருஷத்தில் அதை நான் கேட்டதில்லை.

"மேல ஏறுறேன், அவன் கத்துறான். நெஞ்சு இடிக்குது, அவன் கத்துறான். நீ ஒருத்தன் கேட்டிருந்தா போதும்ணா. ஒருத்தன்."

மெஷின் மூடியை ஓங்கி மூடினான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"தப்புதான்பா" என்றேன்.

அவன் மூச்சு வாங்கினான். நெற்றியில் வியர்வை.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. படபடன்னு கீது."

"கையில, தாடையில வலி?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"பாத்துடவா?"

என்னையே பார்த்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பேப்பர் கட்டு அடுக்கியிருந்த மேசையில் கட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கையை வைத்தான்.

"இங்கயே இருக்கட்டும்ணா" என்றான்.

ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். நூற்று அறுபத்தி எட்டு. பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். நூற்று அறுபத்தி ஆறு.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கம்பெனியை விட்டுத் தாம்பரம் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறார். நம்பர் என்னிடம் எப்போதும் இருந்தது.

"மேடம், தேவராஜ் பேசறேன். சாலமன் வூட்லேந்து. அவனுக்கு நூத்தி அறுவத்தி ஆறு காட்டுது. வலி இல்ல, படபடப்பு கீது."

"எப்படி இருக்கார்?"

"கோவமா கீறாரு மேடம்."

பிறகு கேட்டார்.

"கை எங்க இருக்கு தேவராஜ்?"

"மேசை மேல மேடம்" என்றேன். "அன்னிக்கிதான் பொட்டி மேல இருந்துச்சு."

காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"சரி. என்ன மாத்திரை போடுறார், அட்டையைப் பார்த்துப் படிங்க" என்றார்.

ஸ்டெல்லா உள்ளேயிருந்து அட்டைகளைக் கொண்டுவந்து மேசை மேல் போட்டாள். நான் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன்.